ஏட்டையா தைத்த மெத்தை

ஒன்பதாவது தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டு, சிவனணைந்தபெருமாள் குனிந்து மெத்தையின் நடுவே உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கவில்லை. திருப்தியாக இருந்தது. பத்தாவது தடவை, மரக் கைப்பிடிகளைத் தொடாமல் மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த குட்டி நோட்டை எடுத்து, ‘காலை 6.10. மேற்படி மெத்தை பத்து முறை சோதிக்கப்பட்டது. குழி விழவில்லை’ என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார். சொந்த வீட்டு நாற்காலி மெத்தைக்கு எதற்குக் கையெழுத்து என்று யாராவது கேட்டால், “எழுதி வைக்கலன்னா நாளைக்கு யாரு சாட்சி?” என்று திருப்பிக் கேட்பார்.

மேலகரத்தில் அவர் தெருவில் ஏட்டையா என்று கேட்டால்தான் வீடு காட்டுவார்கள். போலீஸில் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. கதவோரம் அப்படி ஒரு பலகையும் மாட்டியிருக்கிறார். பால்காரரும் கேபிள்காரரும் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டேதான் “ஏட்டையா” என்று குரல் கொடுக்கிறார்கள். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, எடை எண்பத்தெட்டு கிலோ. வீட்டில் கைலிச் சாரம்தான் கட்டுகிறார், ஆனால் அதன்மேல் அகலமான பெல்ட்டும் போட்டுக்கொள்கிறார். இருபத்திரண்டு சீசன் குற்றாலத்தில் பந்தோபஸ்து பார்த்தவர். மெயினருவிக்குக் கீழே பேச்சு எடுபடாது. விசிலும் கையசைப்புமாகவே அத்தனை வருடம் கூட்டத்தை நகர்த்தியிருக்கிறார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யாரையும் எதையும் கேட்கமாட்டார். கையைக் காட்டுவார், ஆள் நகர வேண்டும்.

ஊசியும் நூலும் அவர் கைக்கு வந்தது இந்த ஆனி மாதக் கடைசியில். சாரல் பிடித்து நாலைந்து நாளான ஒரு காலையில், பின்வாசலில் துவைக்கிற கல்லடியில் பாசி வழுக்கி அவர் மனைவி ஆனந்தவள்ளி விழுந்தார். இடது இடுப்பெலும்பு முறிந்தது. திருநெல்வேலியில் அறுவைசிகிச்சை செய்து, பந்துபோல இருக்கும் எலும்பு முனையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்து அனுப்பினார்கள். ஆனந்தவள்ளிக்கு வயது அறுபத்தொன்று, எடை நாற்பத்தாறு கிலோ. அளவான உயரம்கூடக் கிடையாது, அதற்கும் குறைவு. இடுப்புதான் முறிந்ததே தவிர நாக்கு நன்றாகவே இருந்தது.

சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பிசியோதெரபி பெண் ஜெனி, வந்த முதல் நாளே விஷயத்தைப் போட்டு உடைத்தாள். ஒன்று, தாழ்வான இடத்தில் ஆனந்தவள்ளி உட்காரவே கூடாது. முழங்கால் இடுப்பைவிடக் கீழே இருக்க வேண்டும், மாறிப்போனால் புதிதாக வைத்த மூட்டு நழுவிவிடும். இரண்டு, யாரும் தூக்கிவிடக் கூடாது.

“ரெண்டு வாரத்துல அம்மா தானா ஊன்றி எந்திரிக்கணும் சார். நீங்க தூக்கித் தூக்கி விட்டா காலு வேல செய்ய மறந்துரும். பெறகு கட்டிலே பழகிரும்.”

கட்டில் பழகுவது என்றால் என்னவென்று பெருமாளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஜெனி காட்டினாள். ஆனந்தவள்ளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது, முதுகுத்தண்டு முடியும் இடத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. ஜெனி விரலால் அழுத்தினாள். வெளுத்தது, விரலை எடுத்ததும் மறுபடி சிவந்தது. அழுத்தினால் வெளுக்கிற வரை மோசமில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றுவிட்டால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பெருமாள் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

வீட்டில் ஒழுங்கான கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றே ஒன்று. மகள் கல்யாணத்தின்போது வாங்கிய தேக்குச் சோபா செட்டின் ஒற்றை நாற்காலி அது. மரம் இன்னும் கல் மாதிரி இருந்தது. மெத்தைதான் செத்துப்போயிருந்தது. பதினெட்டு வருடமாகப் பெருமாள் அதில் உட்கார்ந்துதான் செய்தி பார்த்தார், ஸ்பாஞ்சில் அவர் உருவத்துக்கு ஒரு குழி. அதில் ஆனந்தவள்ளியை மெதுவாக இறக்கியபோது, அந்த அம்மாள் குழிக்குள் போய், முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேரே ஏறி வந்தன. ஜெனி பதறிப்போய் “சாயாதீங்க, சாயாதீங்க” என்றாள். அவளும் பெருமாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே எடுப்பதற்குள் ஆனந்தவள்ளியின் உதட்டில் பல் பதிந்துவிட்டது. கட்டிலுக்கு வந்த பிறகு, “இனிமே என்னய அந்தப் பக்கம் கூப்பிடாதீங்க” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தென்காசியில் குஷன் கடைக்காரர் ஒற்றை மெத்தைக்கெல்லாம் வரமாட்டேன், முழு செட்டானால் பார்க்கலாம், அதுவும் மூன்று வாரம் ஆகும் என்றார். ஓசூரிலிருந்து மகள், சாய்வு நாற்காலி ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று போனில் படம் காட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பஞ்சுப் பொதி மாதிரி தாழ்வாகவும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனது போக அவர் கையில் இருந்தது அந்த மாதத்துப் பென்ஷன் மட்டும். மகளிடம் வாங்குவதில்லை என்பது அவர் வைராக்கியம். “மரம் நல்லாத்தான் இருக்கு. மெத்தய நான் போட்டுக்கிடுதேன்” என்று போனை வைத்தார். மெத்தை போடத் தெரியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சீசனுக்கு முன்னால் படுக்கைகளை மாற்றிப் பழையவற்றை மொட்டைமாடிக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். காவலாளி பந்தோபஸ்து காலத்துப் பழக்கம். தேங்காய்நார் மெத்தை ஒன்றை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார் பெருமாள். வந்ததும் டார்ச் அடித்து மடிப்பு மடிப்பாக மூட்டைப்பூச்சி தேடினார். இருந்தது. மேல் துணியையும் ஓரப் பட்டையையும் அறுத்தெடுத்து எரித்தார். நார்க் கட்டியைக் கொதிநீர் ஊற்றி அலசினார். சாரல் காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மூன்று நாள் மின்விசிறிக்குக் கீழே நிமிர்த்தி வைத்துத் திருப்பித் திருப்பிக் காயவைத்தார். வீடெல்லாம் நனைந்த நார் வாடை. அந்த மூன்று நாளில் வெட்டுவதற்கு என்ன தோது என்று யோசித்து, கடைசியில் சமையலறை அருவாமணையை எடுத்துத் தரையில் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, பூசணிக்காய் அரிவதுபோல மெத்தையை அரிந்தார்.

அந்தச் சத்தம் கட்டில்வரை கேட்டது. “என்னத்தப் போட்டு அறுக்கீங்க?” என்றார் ஆனந்தவள்ளி. பெருமாள் அரிந்துகொண்டே இருந்தார். “அருவாமணையா? எங்க அம்ம தந்த அருவாமணையா? நாளைக்கு வெண்டைக்காய உங்க பல்ல வச்சு நறுக்கவா?”

பக்கத்து வீட்டு ஜன்னத் கடையநல்லூர்க்காரி. கணவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். இவள் வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். பழைய ரெக்ஸின் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார், துடைத்தால் சுத்தமாகிவிடும் என்பது அவர் கணக்கு. ஜன்னத் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது பைக் சீட்டுக்கு ஆகும், மதினிக்கு ஆகாது. வேர்க்கும், வழுக்கும்” என்றாள். அவளே அலமாரியிலிருந்து கனத்த கைத்தறிச் சாரத்துணி இரண்டு எடுத்துக் கொடுத்தாள், அவள் ஊர்த் தறியில் நெய்தது. இரட்டையாகப் போட்டால் வேர்வையைக் குடிக்கும், கழற்றித் துவைக்கலாம். முழு உறையையும் ஒரு மணி நேரத்தில் தைத்துத் தருவதாகவும் சொன்னாள். ஜிப் வைப்பது மட்டும் அவள் வேலை என்று அவர் கைகாட்டிவிட்டார். மற்றதெல்லாம் கோணி ஊசியும் மெழுகு தேய்த்த நூலுமாகத் தானே தைப்பேன் என்றார்.

“ஏன் அண்ணாச்சி, என் தையல் மேல நம்பிக்கை இல்லையா?”

“பிரிஞ்சு போச்சுன்னா உன்னய வந்து விசாரிக்கணும். எனக்குன்னா நானே பதில் சொல்லிக்கிடுவேன்.”

நார்க் கட்டிக்குள் ஊசி நுழையும், வெளியே வராது. குறடு வைத்து இழுத்தார். கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இழுத்தார். நாற்காலிச் சட்டம் தரையிலிருந்து பதினான்கு அங்குலம். அதன்மேல் ஆறு அங்குலத்துக்கு நாரை அடுக்கிக் கட்டினார். உயரமாக இருக்க வேண்டும் என்று ஜெனி சொன்னாள் அல்லவா, உயரமாக்கினார். குழி விழக் கூடாது, கெட்டியாக்கினார். தைக்கத் தைக்கவே ஆறு நாள், நாளுக்குப் பத்து முறை, அவரே உட்கார்ந்து எழுந்து சோதித்தார். இரண்டு வாரத்தில் ஒன்பது நாள் போயிருந்தது.

பத்தாம் நாள் காலை ஆனந்தவள்ளியைக் கூப்பிட்டார். வாக்கரைப் பிடித்து, வலியோடு ஆறு எட்டு வைத்து நடந்து, பின்பக்கமாக நாற்காலியில் உட்கார்ந்ததும், ஆனந்தவள்ளியின் இரண்டு பாதங்களும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றன. மர பெஞ்சில் ஏற்றி வைத்த குழந்தை மாதிரி. காலை ஊன்ற முடியாவிட்டால் எழுந்திருப்பது எங்கே? நார்க் கட்டியின் முன் விளிம்பு தொடைக்கு அடியில் கத்திபோல நின்றது. முதுகில் சிவந்திருந்த இடம் நேராகக் கெட்டியில் பட்டது. இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

“எறக்கி விடுங்க.”

“கொஞ்சம் பொறு. பழகிரும்.”

“பலகை எப்படிங்க பழகும்?”

பயம்தான் காரணம், மெத்தையில் குறையில்லை என்றார் பெருமாள். அறுபது தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டேன், நோட்டில் எழுதியிருக்கிறது, வேண்டுமானால் பார் என்றார். ஆனந்தவள்ளி வாக்கரை இழுத்துக்கொண்டு ஒருவழியாகக் கட்டிலுக்குத் திரும்பி, மூச்சு அடங்கிய பிறகு சொன்னார்.

“அப்ப நீங்களே தெனமும் உக்காந்து எந்திரிங்க. எனக்கு இடுப்பு சரியாயிரும்.”

பெருமாள் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். அவர் பாதம் தரையில் நன்றாகப் பதிந்தது. எந்த இடத்திலும் குத்தவில்லை. நோட்டைப் புரட்டினார். சோதித்த நேரம், சோதித்த முறை, சோதித்தவர் கையெழுத்து எல்லாம் வரிசையாக இருந்தன. அறுபது தடவையும் உட்கார்ந்தவர் ஒரே ஆள். உட்கார வேண்டிய ஆளின் உயரமோ எடையோ ஒரு வரிகூட இல்லை. இப்படி ஒரு நோட்டை ஸ்டேஷனில் யாராவது எழுதிக் கொண்டுவந்திருந்தால் அவரே முகத்தில் விட்டெறிந்திருப்பார். முன்பக்கம் வந்த ஜன்னத்திடம் அதைச் சொன்னபோது, “ரவிக்கைக்கு அளவு எடுக்க வந்தவ, தன் அளவ எடுத்துட்டுப் போன கணக்கால்ல இருக்கு” என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

மதியம் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார். நின்றார். டேப்பைக் கொஞ்சம் இழுத்துச் சுருட்டினார்.

“காலக் கொஞ்சம் தொங்கப் போடுதியா?”

ஆனந்தவள்ளி திரும்பி, ஜன்னத் இன்னும் போகவில்லையா என்று பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை. கேட்டது தன்னைத்தான் என்று தெரிந்ததும் மெதுவாகக் காலைத் தொங்கப்போட்டார். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை பதினைந்தரை அங்குலம். முப்பத்தெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு காலின் நீளம் அவர் நோட்டில் ஏறியது அன்றைக்குத்தான். ஜெனிக்குப் போன் போட்டார். உட்கார்ந்து அமுங்கிய பிறகு பதினேழரை நின்றால் போதும், அப்போதுதான் பாதமும் படும், இடுப்பும் மேலே இருக்கும் என்றாள் அவள்.

அன்றே மெத்தையைப் பிரித்தார். நாரை இரண்டரை அங்குலத்துக்கு அரிந்தார். தென்காசியில் மெத்தைக் கடையில் ஸ்பாஞ்சுத் தகடு ஒன்று வாங்கி மேலே வைத்தார். எவ்வளவு அமுங்கும் என்று பார்க்கத் தான் உட்கார்ந்தால் சரிப்படாது என்று இப்போது தெரிந்துவிட்டது. உட்கார வேண்டியவரைக் கூப்பிடவும் வாய் வரவில்லை. இரண்டு முறை ஏமாந்த ஆளிடம் மூன்றாவது முறை எப்படிக் கேட்பது? இருபத்தாறு கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். பதினைந்து லிட்டர்க் குடத்தில் தண்ணீர் பிடித்து அதன்மேல் வைத்தார். நாற்பத்தாறு கிலோவுக்குக் குறைந்த எடைக்கு ஆட்டுக்கல் குழவி. பிறகு குத்தவைத்து உட்கார்ந்து டேப்பைப் பிடித்தார்.

கட்டில் இருக்கும் அறையிலிருந்து பார்த்தால் முன்னறை நாற்காலி நேராகத் தெரியும். ஆனந்தவள்ளி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி மூட்டை, அதன்மேல் குடம், அதன் இடுப்பில் செருகிய குழவி.

“ஏங்க. அது எந்திரிச்சு நடந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

பெருமாள் டேப்பை இன்னும் கீழே இறக்கிப் பிடித்தார்.

“எறக்குங்க அத. நானே உக்காந்து பாக்குதேன்.”

அதற்குப் பிறகு நாலு நாள் அந்த வீட்டில் கைகாட்டியது ஆனந்தவள்ளி. நாற்காலியில் உட்கார்ந்து, முன் விளிம்பு இன்னும் தொடையை அறுக்கிறது என்பார். பெருமாள் ஓரத்தைச் சரித்து அரிந்து, ஸ்பாஞ்சை வளைத்துத் தைப்பார். முதுகுக்கு ஆதரவில்லை என்பார். பழைய மெத்தையின் ஸ்பாஞ்சில் குழி விழாத துண்டாகப் பார்த்து வெட்டி முதுகுத் திண்டு வரும். பின்பக்கம் எலும்பு படும் இடத்தில் நார் உறுத்துகிறது என்பார். அந்த இடத்தில் மட்டும் நாரைக் கிண்ணம்போலக் குடைந்து ஸ்பாஞ்சை நிரப்பினார். மூன்று தடவை பிரித்தார், மூன்று தடவை தைத்தார். ஒவ்வொரு தடவையும் நோட்டில் முதல் வரி, ‘ஆ. வள்ளி கூறியது’ என்று தொடங்கியது. முதல் நாள் ஏழு நிமிடம் உட்கார்ந்தவர், நாலாம் நாள் நாற்பது நிமிடம் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்தார். முதுகில் இருந்த சிவப்பு மிளகு அளவுக்குச் சுருங்கியது. ஆனால் எழுந்திருக்கும்போது மட்டும் பெருமாளின் கை தேவைப்பட்டது. அது இருக்கும்வரை கட்டில் விட்டதாகச் சொல்ல முடியாது.

பதினாலாம் நாள் ஜெனி வந்தாள். மெத்தையை அமுக்கிப் பார்த்தாள், ஆனந்தவள்ளியின் பாதம் தரையில் முழுதாகப் படுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு பெருமாளைப் பார்த்து, “சார், நீங்க அந்தச் சுவரோரம் நில்லுங்க” என்றாள். அவர் நின்றார். கை இரண்டும் தாமாகவே முன்னால் நீண்டன. “கைய எறக்குங்க சார்.” இறக்கிக்கொண்டார்.

நுனிக்கு நகர்ந்து வர வேண்டும். அறுவைசிகிச்சை செய்த காலைச் சற்று முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது, அது கவிழ்ந்துவிடும். நாற்காலிக் கைப்பிடியைத்தான் ஊன்ற வேண்டும். இதெல்லாம் ஆனந்தவள்ளிக்குத் தெரியும். நுனிக்கு நகர்ந்தார். கைப்பிடியை இறுகப் பிடித்தார். ஊன்றினார். பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். சுவரோரத்தில் ஓர் அடி எடுத்து வைத்த சத்தம் கேட்டது.

“அங்கனயே நில்லுங்க” என்றார் ஆனந்தவள்ளி.

இரண்டாவது முறை ஊன்றினார். ஜெனியின் கை அவர் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது, தொடவில்லை. முழங்கை நேரானது. அப்புறம் முழங்கால். ஒரு கை வாக்கருக்குப் போனது, பிறகு மறு கை. ஆனந்தவள்ளி நின்றுகொண்டிருந்தார்.

யாரும் கை தட்டவில்லை. ஜெனி கைப்பையை எடுத்துக்கொண்டு, மூன்று வேளையும் பத்துத் தடவை இப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஆனந்தவள்ளி நின்றபடியே வாக்கரோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, அத்தனை நாளும் உட்கார்ந்தே பார்த்திருந்த மெத்தையை முதன்முதலாக நின்று நிதானமாக மேலிருந்து பார்த்தார்.

“இந்த மூல கோணிக்கிட்டு இருக்கு.”

பெருமாள் வந்து பார்த்தார். கோணிக்கொண்டுதான் இருந்தது. மெத்தையை உருவி எடுத்தார், பிளேடையும் ஊசி நூலையும் எடுத்தார், நாற்காலி காலியாகிவிட்டது என்று அப்புறம்தான் உறைத்தது. “கட்டிலுக்குப் போறியா?” என்று கேட்டார்.

“நீங்க பிரிங்க. நான் நிக்கேன்.”

வாக்கருக்குப் பக்கத்தில் உயர முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் மூலைத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். தலை குனிந்திருந்தது. அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆனந்தவள்ளி வாக்கரிலிருந்து வலது கையை எடுத்தார். ஒரு கையில் நின்றுகொண்டே, அவர் உச்சந்தலை முடியில் சிக்கியிருந்த ஸ்பாஞ்சுத் துணுக்கைக் கிள்ளி எடுத்துக் கீழே போட்டார்.